ஊழியமும் வழிபாடும்

ஒரு சொல் பல பொருள் பயப்பது தமிழுக்குப் புதிதன்று. எனினும் ஒன்றுக்கொன்று பகையான பொருள்களை ஒரே சொல் தாங்கி நிற்கக் காணும்போது, அச்சொல்லினுள் மாந்தர் வாழ்வின் பெரியதொரு வினா புதைந்து கிடக்கிறது என்று நாம் உணரலாம். 'ஊழியம்' என்பது அத்தகைய சொல். பழைய திருவிதாங்கூர் நாட்டில் ஊழியம் என்றால், தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களிடமிருந்து கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பு. கிறித்தவர் நாவிலோ ஊழியம் என்பது இறைவனுக்குச் செய்யும் திருப்பணி. இவ்விரண்டுக்கும் நடுவே, மாதச் சம்பளத்தின் பொருட்டு நாள்தோறும் அலுவலகம் செல்லும் நம் போன்றாரையும் 'அரசு ஊழியர்' என்றே உலகம் அழைக்கிறது. அடிமை வேலை, பிழைப்புத் தொழில், இறைத்தொண்டு ஆகிய மூன்றும் ஒரே பெயரில் அடங்கி நிற்கின்றன. அவற்றுள் நாம் செய்வது எது?

இவ்வினா பிறரைக் காட்டிலும் நமக்கு நெருக்கமானது. காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு, தில்லி, மும்பை, கொல்கத்தா எனப் பல நகரங்களில் நாம் குடியேறியது பெரும்பாலும் வேலையின் பொருட்டே. பெற்றோரின் முதுமையில் அருகிருக்கும் பேற்றை இழந்தோம். பிள்ளைகள் தாய்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைமையைக் கண்டோம். ஊர்க் கோயில் திருவிழாவையும், மாதா கோயில் கொடியேற்றத்தையும் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்டறிந்தோம். இவ்வளவையும் கொடுத்துப் பெற்ற வேலை வெறும் கூலிக்கு மட்டுமே உரியதாயின், நாம் கொடுத்த விலை மிகப் பெரிது. அவ்வேலையில் கூலிக்கு மேற்பட்ட ஒரு பொருள் உண்டா என்று எண்ணிப் பார்ப்பது ஆகவே நமக்கு வீண் ஆராய்ச்சியன்று.

தொழிலையும் தொண்டையும் இணைத்துக் காணும் நோக்கு நம் நாட்டுக்குப் பழையது. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய நாவுக்கரசர் பெருமானை நாம் அறிவோம். 12-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவர் வழி வந்த சரணர்கள், உடலுழைப்பைக் 'காயகம்' என்று போற்றிச் சமய நெறியாகவே கொண்டனர். இக்கட்டுரையில், அன்றாட வேலையை வழிபாடாகக் காண்பது பற்றிக் கிறித்தவ நெறி கூறுவதனையும், அக்கூற்றினுள் ஒளிந்திருக்கும் ஓர் ஆபத்தையும் எண்ணிப் பார்ப்போமாக.

செங்கல்லும் திரைச்சீலையும்

நம் 'ஊழியம்' போன்றே எபிரேய மொழியிலும் ஒரு சொல் உண்டு. அது 'அவோதா' என்பது. வேலை, அடிமைத்தனம், இறைவழிபாடு ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் இறைவன் மனிதனை அங்கு வைத்தார் என்று காண்கிறோம். பண்படுத்துதல் என்பதற்கு அங்கு வருவது இச்சொல்லின் வேரே. மனிதன் பிழை செய்ததன் பின்னரே முள்ளும் வியர்வையும் வந்தன. வேலையோ அதற்கு முன்னரே வந்துவிட்டது. ஆகவே வேலை சாபத்தால் விளைந்தது என்று கூறுதல் அந்நூலுக்கு உடன்பாடன்று.

அடுத்த நூலாகிய யாத்திராகமத்தில் இச்சொல் இரு முகமும் காட்டுகிறது. எகிப்து நாட்டில் இசுரவேலர் களிமண் பிசைந்து செங்கல் அறுத்த கொடுமையும் 'அவோதா'வே. அம்மக்கள் வனாந்தரம் சென்று தம் இறைவனுக்கு ஆற்றவேண்டும் என்று மோசே மன்னனிடம் வேண்டி நின்ற வழிபாடும் அதே வேரிலிருந்து வந்த சொல்லே. அந்நூல் முழுவதையுமே ஓர் ஊழியத்திலிருந்து மற்றோர் ஊழியத்துக்குச் சென்ற பயணம் என்று கூறினால் மிகையாகாது.

இவ்விரு ஊழியங்களுக்கும் உள்ள வேற்றுமையை அந்நூலே தெளிவாகக் காட்டுகிறது. எகிப்து மன்னன், செங்கல்லுக்குச் சேர்க்கும் வைக்கோலைத் தர மறுத்தான். ஆயினும் நாள்தோறும் அறுக்கவேண்டிய செங்கல்லின் எண்ணிக்கையில் ஒன்றும் குறையலாகாது என்று ஆணையிட்டான். விடுதலை பெற்ற அதே மக்கள் பின்னர் வனாந்தரத்தில் இறைவனுக்குத் திருக்கூடாரம் அமைத்தனர். பொன்வேலை, மரவேலை, நெசவு ஆகியவற்றில் வல்ல பெசலெயேல் என்னும் கைவினைஞர் இறை ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று பெயர் சுட்டிப் பேசப்படுகிறார். மக்கள் மனமுவந்து கொண்டுவந்த பொருள்கள் தேவைக்கு மேல் குவிந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டா என்று மோசே பாளையமெங்கும் அறிவிக்கச் செய்தார். அடிமை ஊழியத்தில் 'போதும்' என்னும் சொல் ஒருநாளும் எழவில்லை. வழிபாட்டு ஊழியத்திலோ அச்சொல் தலைவன் வாயிலிருந்தே வந்தது. உழைத்த கைகள் அவையே. மாறியவை, மனமுவந்து செய்தலும், செய்பவனைப் பெயர் சொல்லி மதித்தலும், உழைப்புக்கு ஓர் எல்லை இருத்தலுமே. இம்மூன்றையும் நாம் நினைவில் இருத்திக் கொள்வோம்.

பட்டறையும் அடுக்களையும்

கிறித்தவம் தோன்றிய காலத்து உரோமப் பேரரசில் கைத்தொழிலுக்கு மதிப்பில்லை. கூலிக்கு உழைப்பதும் பட்டறையில் வேலை செய்வதும் உரிமைக் குடிமகனுக்குத் தகா என்று சிசரோ என்னும் பேரறிஞர் தம் கடமை பற்றிய நூலிலேயே எழுதி வைத்தார். அத்தகைய உலகில், நாசரேத்து ஊரில் தச்சராக அறியப்பட்ட ஒருவரை இறைமகன் என்று போற்றும் சமயம் எழுந்தது. இயேசு பெருமான் போதிக்கத் தொடங்கியபோது, இவன் தச்சனல்லவா என்று ஊரார் வியந்ததை மாற்கு எழுதிய நற்செய்தி கூறுகிறது. அவருடைய திருத்தூதருள் பலர் மீனவர். கல்வியிற் சிறந்த பவுல் அடிகளார் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் இல்லத்தில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். அத்தம்பதியர் கிளவுதியு மன்னனின் ஆணையால் உரோமை நகரை விட்டு வெளியேறி வந்தவர்கள். அயலூரில் தொழில் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் வீடு தொழிற்கூடமாயிற்று. சபை கூடும் இடமுமாயிற்று.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்), 73 பிரிவுகள் கொண்ட தம் நூலில் அன்றாட உடலுழைப்புக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கினார். அதனினும் நம் கருத்தைக் கவர்வது, மடத்துப் பண்டக காப்பாளருக்கு அவர் கூறிய அறிவுரை. மடத்தின் பாத்திரங்கள், கருவிகள் அனைத்தையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்பது அது. மண்வெட்டியும் சட்டியும் ஒருபுறம், பூசைக் கிண்ணம் மறுபுறம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் இதற்கு உயிருள்ள சான்று. போரில் காயமுற்றுக் கால் ஊனமான முன்னாள் வீரர் அவர். கல்வி மிகாதவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அவருக்கோ சமையல் வேலையில் இயல்பாகவே வெறுப்பு. அவ்வெறுப்போடேயே அவ்வேலையை இறைவன்பால் கொண்ட அன்பின் பொருட்டு ஏறத்தாழ 15 ஆண்டுகள் செய்து, அதனை எளிதாக்கிக் கொண்டார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் படகில் சென்றபோது, நடக்க இயலாமையால் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டே நகர்ந்தார் என்பர். வேலை நேரம், செபநேரம் என்ற வேறுபாடு தமக்கு இல்லை என்பது அவர் கொள்கை. 1691-இல் அவர் மறைந்த பின் அவர் மொழிகளும் கடிதங்களும் தொகுக்கப்பெற்று உலகெங்கும் பரவின. பிடித்த வேலையைச் செய்தவர் அல்லர் அவர். நம்மிற் பலர் தேர்வு எழுதிக் கிடைத்த வேலையில் அமர்ந்தவர்களேயன்றி விரும்பிய வேலையைப் பெற்றவர்கள் அல்லர். ஆதலின் அவர் வரலாறு நமக்கு ஆறுதலாகிறது.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வாழ்ந்த மார்ட்டின் லூத்தர், மடத்து மதிலையும் கடந்து இக்கருத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தார். 1522-இல் இல்லறம் பற்றி எழுதுகையில், குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தந்தையைக் கண்டு ஊரார் நகைக்கலாம். ஆனால் அவன் அதனை விசுவாசத்தோடு செய்வானாயின் இறைவனும் வானவரும் மகிழ்வர் என்று கூறினார். துவைப்பவள் தாய் என்று எழுதாமல் தந்தை என்று எழுதியது, ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நம் இல்லத் தலைவர்கள் கவனிக்கத்தக்கது.

ஊனமுள்ள காணிக்கை

வேலை வழிபாடு என்றால், செய்யும் வேலை எதுவாயினும் அது தானாகவே வழிபாடாகிவிடுமா? ஆகாது. வழிபாட்டுக்கு இலக்கணம் உண்டு. மல்கியா என்னும் இறைவாக்கினர் தம் காலத்து மக்களைக் கடிந்துரைத்தார். குருடும் முடமும் நோயுமான ஆடுகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, இவற்றை உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப் பாருங்கள், அவர் முகமலர்வாரா என்று அவர் வினவினார்.

அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு இதைவிடக் கூரிய வினா வேறில்லை. மேலதிகாரி கேட்கும் அறிக்கை நேரம் தவறாது, பிழையின்றிச் செல்கிறது. கணவனை இழந்த ஒருத்தி குடும்ப ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம், ஒரு சான்றிதழ் குறைகிறது என்ற குறிப்போடு மூன்று மாதம் கழித்துத் திரும்புகிறது. அடுத்த முறை வேறொரு குறை கண்டுபிடிக்கப்படுகிறது. இரு குறைகளையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால், அவள் ஒரு முறை அலைந்ததோடு முடிந்திருக்கும். இதில் கையூட்டு இல்லை; விதிமீறலும் இல்லை; கோப்பில் எல்லாம் முறையாகவே இருக்கும். எனினும் நல்ல ஆடு அதிகாரிக்கும் முடமான ஆடு ஏழைக்கும் போயின. ஏழைக்குச் செய்தது தமக்கே செய்தது என்று கூறிய பெருமானை வணங்குவோர்க்கு, அம்முடமான ஆடு எங்கே சென்று சேர்ந்தது என்பது விளங்காமற் போகாது.

இதற்கு மாறாக அரசுப் பணியையே தொண்டாக்கியவர் ஒருவரைத் தமிழர் அனைவரும் அறிவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியராகப் புகழ் பெற்றவர். ஆனால் வாழ்க்கையில் அவர் கிறித்தவ நெறி நின்ற நீதிமன்ற ஊழியர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பணியாற்றிப் பின் முன்சீப்பாக உயர்ந்தவர். ஆங்கிலத்தில் இருந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டார். தம் வழக்கு என்ன ஆயிற்று என்பதையே அறிய இயலாது வாயில்களில் காத்து நின்ற மக்களுக்கு, சட்டம் அவர்தம் மொழியில் கிடைத்தது. அவருடைய 'நீதிநூ'லில் கைக்கூலி வாங்குவோரைக் கண்டிக்கும் பகுதியும் உண்டு. நீதிமன்ற ஏட்டைத் தமிழாக்கிய அந்த மேசையைப் பலிபீடத்திலிருந்து வேறானது என்று நாம் கூறவேண்டியதில்லை.

இக்கூற்றைச் சொல்லத்தக்கவர் யார்?

இனி ஆபத்தைக் காண்போம். வேலையை ஆண்டவருக்கே செய்வதாக எண்ணி மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்னும் கருத்தமைந்த பவுல் அடிகளாரின் அறிவுரை, கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் உள்ளது. கிறித்தவ இல்லங்களில் பலரும் அறிந்த பகுதி அது. அவ்வறிவுரை யாரை நோக்கியது என்பதைப் பலர் கருதுவதில்லை. அது அடிமைகளை நோக்கியது. அவர்களுக்கு அது மாண்பைத் தந்தது உண்மை. உன் உழைப்பை உன் எசமானன் மதியாவிடினும் இறைவன் காண்கிறார் என்ற துணிவை அது ஊட்டியது. ஆயினும் அதற்கு அடுத்தாற்போலவே, எசமானர்கள் தம் ஊழியர்க்கு நீதியும் நேர்மையுமானதைச் செய்யவேண்டும், தமக்கும் விண்ணகத்தில் ஓர் எசமானன் உண்டு என்பதை நினைக்கவேண்டும் என்ற கட்டளையும் வருகிறது.

ஆதிக்கம் செலுத்தியோர் முதற்பகுதியை ஓதினர். இரண்டாம் பகுதியை ஒளித்தனர். 1807-இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று விவிலியப் பகுதிகளைத் தொகுத்து ஒரு நூல் அச்சிடப்பட்டது. கீழ்ப்படிதலைப் போதிக்கும் பகுதிகள் அதில் இருந்தன. எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலை பெற்ற வரலாறு நீக்கப்பட்டிருந்தது. ஓர் ஊழியத்திலிருந்து மற்றோர் ஊழியத்துக்குச் செல்லும் பாதையை அழித்துவிட்டு, முதல் ஊழியத்தையே வழிபாடு என்று பெயரிட்டழைக்க முயன்ற செயல் அது.

நம் காலத்தில் இது இல்லை என்று கூற இயலுமா? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க இந்நாட்டில் 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதனினும் விரிந்த சட்டமும் வந்தன. ஆயினும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கியோர் நச்சுக்காற்றால் மாண்டனர். அவ்வாறு மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. குழிக்குள் இறங்கும் மனிதனிடம், உன் வேலையும் வழிபாடே என்று மேலே நின்று கூறுவது சமயமன்று, கொடுமை. செங்கல் அறுத்தவர்கள் கூக்குரலிட்டபோது, அதனையே வழிபாடாகக் கருதுங்கள் என்று இறைவன் விடை கூறவில்லை. என் மக்களைப் போகவிடு என்று மன்னனுக்கே கட்டளையிட்டார்.

ஆகவே இக்கருத்துக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொள்வது நலம். 'வேலை வழிபாடு' என்பது ஒருவர் தம்மை நோக்கித் தாமே கூறிக்கொள்ளத்தக்கது. பிறர் உழைப்பால் பயன் பெறுவோர் அப்பிறரை நோக்கிக் கூறத்தக்கதன்று. அவர்கள் கூறவேண்டியது வேறு, கொடுக்கவேண்டியதும் வேறு. அறுவடை செய்தவர்க்குத் தராமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணி காய்ச்சலால் இரு நாள் வரவில்லையென்று சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டு, அலுவலக விடுப்பு விதிகளில் நமக்குரியதை வாதாடிப் பெறுவோமாயின், அவ்வெச்சரிக்கை நமக்கும் உரியதே. விடியுமுன் எழுந்து, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உணவு கட்டிக் கொடுத்து, தாமும் பேருந்தேறி வேலைக்குச் செல்லும் இல்லத்தரசியைத் தெய்வம் என்று புகழ்வதும் எளிது. ஆனால் அவர் கையிலுள்ள கரண்டியில் பாதி நேரம் பங்கு கொள்வதே அப்புகழ்ச்சியை மெய்யாக்கும். மனிதனுக்காக வேலையேயன்றி வேலைக்காக மனிதன் அல்லன் என்ற கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பு பற்றி வெளியிட்ட திருமடலில் விரித்துரைத்தார். அளவுகோல் அதுவே.

ஓய்வு என்னும் கட்டளை

வேலையை இவ்வளவு உயர்த்திய நெறி, வேலையை நிறுத்துவதையும் கட்டளையாக்கியது. ஏழாம் நாள் ஓய்வு மகனுக்கும் மகளுக்கும் மட்டுமன்று. வேலைக்காரருக்கும், கால்நடைக்கும், வீட்டில் தங்கிய அயலாருக்கும் உரியது. நீங்களும் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதே உபாகம நூல் அதற்குக் காட்டும் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரில் கிறித்தவம் தழுவிய எளிய மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டாய ஊழியத்தினின்று விலக்குப் பெற்றனர். முழு விடுதலை நெடுந்தொலைவில் இருந்தது. எனினும் வாரத்தில் ஒருநாள் அவர்கள் உடல் அவர்களுக்கே உரியதாயிற்று. ஓய்வுநாள் வெறும் சடங்கு என்று எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்க்கலாம்.

ஓய்வுநாளைப் பற்றிய இக்கருத்து, ஓய்வு பெற்றோரையும் தழுவுகிறது. அறுபது வயதில் மாலை சூட்டி அனுப்பப்பட்ட மறுநாள் காலையில், தம்மால் யாருக்கு என்ன பயன் என்று ஏங்கி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் பலர். நோயால் படுத்தோரும், படித்தும் வேலை கிடைக்காத இளைஞரும் நம்மிடையே உளர். வேலையே வழிபாடு என்றால் அவர்கள் கோயிலுக்கு வெளியே நிற்பவர்களா? இயேசு பெருமான் கூறிய திராட்சைத் தோட்டத்து உவமை இதற்கு விடை பகர்கிறது. மாலை நெருங்கும் வேளையிலும் சந்தை வெளியில் சிலர் நின்றிருந்தனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றனர். ஒருமணி நேரமே உழைத்த அவர்களுக்கும் தோட்டக்காரர் முழு நாட்கூலியே கொடுத்தார். அன்று இரவு அவர்கள் குழந்தைகளுக்கும் பசி ஒன்றேயல்லவா? மனிதனின் மதிப்பு அவன் முடித்த வேலையின் அளவைப் பொறுத்ததன்று என்பதை இதனினும் எளிமையாகச் சொல்லல் அரிது. இறைவன் நம்மை ஏற்பது நம் வேலையைக் கண்டன்று. அவர் நம்மை ஏற்றுக்கொண்டதனால் நாம் செய்யும் வேலை நன்றிக் காணிக்கையாகிறது. இம்முறைமை தலைகீழாகும்போது, வேலையே தெய்வமாகி மனிதனைப் பலி கேட்கத் தொடங்கிவிடுகிறது.

தமிழில் 'பணி' என்னும் சொல்லுக்குச் செயல் என்றும் பொருள், தலைவணங்கு என்றும் பொருள். நாளைக் காலை நாம் அலுவலகம் செல்வோம். நூற்றுக்கணக்கான தாள்கள் நம் கை வழியே செல்லும். அவற்றுள் ஏதேனும் ஒன்றன் மறுமுனையில், அதன் முடிவைக் கொண்டே தம் வீட்டு அடுப்பெரியவேண்டிய ஒருவர் காத்திருப்பார். அவரை நாம் ஒருநாளும் காணப்போவதில்லை. அவர் நம் பெயரை அறியப்போவதுமில்லை. அத்தாளை அவர் பொருட்டுக் கருத்தோடு படித்து, அன்றே எழுதி, சரியான இடத்துக்கு அனுப்பும்போது நாம் பணிகிறோம். ஊழியம் என்னும் அப்பழைய சொல்லின் கட்டாயம் கழன்று, அதன் திருப்பொருள் அங்கே எஞ்சி நிற்கிறது.